எந்த வீட்டுக்கு? ருக்மாபாய் வழக்கைப் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மருத்துவர் ருக்மாபாயைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த ஒருவரை இன்றைய பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய பெயரை நாடறியச் செய்த வழக்கைக் கட்டுரையாளர் இரண்டே வரிகளில் கடந்துவிட்டார். கணவரோடு வாழ விருப்பமில்லாமல் ருக்மாபாய் நீதிமன்றத்துக்குப் போனார் என்பது ஒரு வரி; விக்டோரியா ராணியே தலையிட்டு அந்தத் திருமணத்தை ரத்து செய்தார் என்பது மற்றொரு வரி. இரண்டும் பிழை. இதை ஒரு தகவல் திருத்தமாக மட்டும் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் முதல் வரியில் உள்ள பிழை 140 ஆண்டுகளாக அந்தப் பெண்ணின் மேல் சுமத்தப்பட்டு வரும் பிழை என்பதால் சற்று விரிவாக எழுதத் தோன்றியது.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 34 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவில் தாக்கலாகும் மனுக்களை, எங்கள் பேச்சுவழக்கில் சொல்வதானால் 'சேர்ந்து வாழ மனு'க்களை, தட்டச்சுப் பொறியிலும் பிறகு கணினியிலுமாக நூற்றுக்கணக்கில் அடித்திருக்கிறேன். ருக்மாபாய் மீது தொடரப்பட்டதும் அதே வகை மனுதான். அந்தப் பழக்கத்தால் அவருடைய வழக்கை நான் ஒரு வீராங்கனையின் கதையாகப் பார்ப்பதைவிட, மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார், நீதிமன்றத்திடம் என்ன தீர்வு, அதாவது சட்ட மொழியில் என்ன பரிகாரம், கேட்கப்பட்டது, எதன் பேரில் கேட்கப்பட்டது என்றுதான் பார்ப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தக் காலத்தின் பயம் தெளிவாகத் தெரிகிறது.

ருக்மாபாய் 1864ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்தவர். சுதார் என்னும் தச்சர் சமூகம். அவருடைய தாய் ஜெயந்திபாய் மிக இளம் வயதிலேயே விதவையானார். தம் கணவர் விட்டுச்சென்ற சொத்தை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு, சகாராம் அர்ஜுன் என்ற புகழ்பெற்ற மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். ருக்மாபாய்க்கு 11 வயதானபோது, அந்த மருத்துவரின் உறவினரான தாதாஜி பிகாஜி என்னும் 19 வயது இளைஞரோடு திருமணம் நடந்தது. மாப்பிள்ளை மாமனார் வீட்டில் தங்கிப் படித்து ஆளாக வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் படிக்கவில்லை. தம் தாய்மாமன் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டார். வயது முதிரும் முன் பெண்ணைக் கணவனிடம் அனுப்புவதை மருத்துவரான வளர்ப்புத் தந்தை சகாராம் அனுமதிக்கவில்லை. ருக்மாபாய் தாய் வீட்டிலேயே இருந்து, பள்ளியை விட்ட பிறகும், மிஷன் நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கிவந்து தாமாகவே படித்தார். எட்டு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போனது.

1884 மார்ச்சில் தாதாஜியின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்தது: மனைவியை அனுப்பிவையுங்கள். ருக்மாபாய் போக மறுத்தார். அதன் பிறகு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர் தாதாஜி. ஆங்கிலேயரின் நீதிமன்றத்தை நாடியவர் கணவரே தவிர மனைவி அல்ல என்பதை வாசகர்கள் தயவுசெய்து மனத்தில் இருத்த வேண்டும். ருக்மாபாய் விவாகரத்துக் கேட்கவில்லை, ஜீவனாம்சம் கேட்கவில்லை, எதையுமே கேட்கவில்லை. தாய் வீட்டில் இருந்தவரை இழுத்துக் கூண்டில் நிறுத்தினார்கள். அவர் தம் எதிர்வாதத்தில் சொன்ன காரணங்கள் மிகவும் நடைமுறையானவை: கணவரிடம் தம்மை வைத்துக் காப்பாற்றுவதற்கு வீடோ வருமானமோ இல்லை, அவருடைய உடல்நிலை சரியில்லை, அவர் யாருடைய ஆதரவில் தங்கியிருக்கிறாரோ அந்த மனிதரின் நடத்தை தமக்கு நம்பிக்கை தரவில்லை.

1885 செப்டம்பரில் நீதிபதி பின்ஹி வழக்கைத் தள்ளுபடி செய்தார். விவரம் அறியாத வயதில் செய்துவைக்கப்பட்ட கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத ஒரு பெண்ணை, அவளுக்கு விருப்பமில்லாத ஒருவரோடு வாழுமாறு கட்டாயப்படுத்துவது கொடுமையானது என்றார். அதைவிட முக்கியமாக அவர் இன்னொன்றையும் சொன்னார்: இப்படி வழக்குப் போட இந்து சாஸ்திரத்தில் இடமே இல்லை, இது இங்கிலாந்திலிருந்து வந்த பரிகாரம்.

அந்தப் பரிகாரத்தின் பூர்வீகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கணவனையோ மனைவியையோ பிரிந்து போனவர் திரும்பி வர வேண்டும் என்று உத்தரவிடுவது இங்கிலாந்தில் கிறிஸ்தவத் தேவாலய நீதிமன்றங்களின் அதிகாரமாக இருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது அங்கே உலகியல் நீதிமன்றத்தின் கைக்கு மாறியது. 1867இல் ஒரு முஸ்லிம் தம்பதியின் வழக்கில் அன்றைய இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இந்தியாவிலும் இத்தகைய வழக்குகளைத் தொடரலாம் என்று வழி திறந்துவிட்டது. நம் மரபில் மனைவியைத் தள்ளி வைத்தவனையும், கணவனை விட்டு வந்தவளையும் விசாரித்தது சாதிப் பஞ்சாயத்து. அபராதம் இருந்தது, விலக்கிவைத்தல் இருந்தது, சமாதானம் பேசி அனுப்பிவைத்தலும் இருந்தது. அந்தப் பஞ்சாயத்துகளை நான் புகழவில்லை. அவற்றில் பெண்ணின் குரல் எவ்வளவு கேட்டது என்பது நமக்குத் தெரியும். ஆனால் போக மறுத்த பெண்ணை ஆறு மாதம் சிறையில் அடைக்கலாம் என்ற அதிகாரம் எந்தப் பஞ்சாயத்துக்கும் இருந்ததில்லை. அது வெள்ளைக்கார அரசின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து வந்தது. அதிலும் வேதனை என்னவென்றால், இங்கிலாந்தில் 1884ஆம் ஆண்டிலேயே இந்தச் சிறைத் தண்டனையை ஒழித்துவிட்டார்கள். தன் நாட்டில் கைவிட்டதை இங்கே ஓர் இந்தியப் பெண்ணின் மேல் பிரயோகிக்கக் காலனி நீதிமன்றம் தயங்கவில்லை.

பின்ஹியின் தீர்ப்பு வெளியானதும் மராட்டிய தேசம் முழுவதும் கொந்தளித்தது. இந்து தர்மத்துக்கு ஆபத்து வந்துவிட்டது, அந்நிய நீதிபதி நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்று எழுதினார்கள். திலகரும் அவரைச் சார்ந்த இதழ்களும் ருக்மாபாயின் பிடிவாதத்துக்கு ஆங்கிலப் படிப்பே காரணம் என்றார்கள். திலகரை நான் மதிக்கிறவன். விடுதலைப் போராட்டத்தில் அவருடைய இடத்தைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனாலும் இங்கே அவர் தரப்பு சொன்னதைத் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. அந்நிய நீதிமன்றத்தை வீட்டுக்குள் கூட்டி வந்தவர் தாதாஜி. அந்த நீதிமன்றம் அவர் கேட்டதைக் கொடுக்க மறுத்தபோதுதான் 'அந்நியன் நுழைந்துவிட்டான்' என்ற கூக்குரல் எழுந்தது. அதே நீதிமன்றம் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சிறை என்று சொன்னபோது அதே தரப்பு மகிழ்ந்தது. அந்நியன் கையால் அடிபட வேண்டியவள் நம் வீட்டுப் பெண் என்றால் மட்டும் அந்நியன் அந்நியனாகத் தெரியவில்லை.

அவர்களுடைய பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. நாடு போயிற்று, அரசு போயிற்று. 1878இல் வந்த ஆயுதச் சட்டத்தால் உரிமம் இல்லாமல் வாள் வைத்திருக்கக்கூட முடியாமற் போயிற்று. அதே ஆண்டில் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டவும் ஒரு சட்டம் வந்தது. 1858ஆம் ஆண்டுப் பிரகடனத்தில் உங்கள் மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்று ராணி கொடுத்த வாக்குறுதி ஒன்றைத்தான் படித்த மக்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் இழந்த மனிதனுக்குத் தன் வீட்டு வாசற்படியாவது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. இதே பம்பாயில்தான், பின்ஹியின் தீர்ப்புக்கு மூன்று மாதம் கழித்து, 1885 டிசம்பரில் காங்கிரஸ் பிறந்தது. சமூக விவகாரங்களை எடுத்தால் கட்சி உடைந்துவிடும் என்ற எண்ணத்தில் அவற்றைக் காங்கிரஸ் மேடைக்கு வெளியே நிறுத்தினார்கள். அதனால்தான் சீர்திருத்தவாதிகளான பம்பாய் மாகாணத்து ரானடேயும் நம் சென்னை மாகாணத்து ரகுநாத ராவும் சேர்ந்து சமூக மாநாட்டைத் தனியாக நடத்த வேண்டியதாயிற்று. அதன் முதல் கூட்டம் 1887 டிசம்பரில் சென்னையில்தான் கூடியது. வாசற்படியைக் காக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. வாசற்படிக்கு உள்ளே நிற்பவளைக் கேட்காமலேயே அதைக் காத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ருக்மாபாயின் தாய் மறுமணம் செய்துகொண்டவர் என்று மேலே எழுதினேன். தச்சர் சமூகத்தில் அதற்குத் தடை இருக்கவில்லை. அதாவது, எந்த சாஸ்திரத்தின் பெயரால் அந்தப் பெண்ணைக் கணவன் வீட்டுக்குப் போகச் சொன்னார்களோ, அந்த சாஸ்திரத்தின் கட்டுப்பாடுகள் அவளுடைய தாயின் வாழ்க்கையில் முழுதாக இருந்ததே இல்லை. ஒரு சமூகத்துக்குள் இருந்த நெகிழ்வான வழக்கம் நீதிமன்றத்துக்கு வந்து, பத்திரிகைக்கு வந்து, 'இந்து தர்மம்' என்று ஒற்றைப் பெயர் சூட்டப்பட்டபோது உயர்சாதியாரின் கண்டிப்பான வழக்கமாக மாறிவிட்டது. தச்சர் வீட்டுப் பிரச்சினை பிராமணப் பண்டிதர்களின் மானப் பிரச்சினை ஆயிற்று. பம்பாயில் நடந்த ஒரு குடும்பச் சண்டையைப் புணேயில் இருந்த திலகர் தரப்பினர் தங்கள் வீட்டுச் சண்டையாக எடுத்துக்கொண்டதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ருக்மாபாயைப் பார்க்கவில்லை. நாளை படித்துவிட்டு எதிர்த்துப் பேசக்கூடிய தங்கள் வீட்டு மகளைப் பார்த்தார்கள். 1884இல்தான் புணேயில் பெண்களுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அங்கே பெண்களுக்கு எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது என்ற சண்டை திலகர் தரப்பின் 'மராட்டா' பத்திரிகையில் நடந்ததும் இதே ஆண்டுகளில்தான். எல்லாரும் ஒரே பக்கம் நின்றுவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். திலகரின் நெருங்கிய தோழராக இருந்த அகர்கர் சமூகச் சீர்திருத்தக் கேள்வியில் மாறுபட்டு, அவர்களுடைய 'கேசரி' இதழை விட்டு விலகி, 1888இல் 'சுதாரக்' என்ற தனி இதழைத் தொடங்கினார்.

ஆசிரியர் அவர்களே, இந்த வழக்கைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதும்போது என்னால் மறக்க முடியாத செய்தி ஒன்று உண்டு. ருக்மாபாயும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்தான். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 1885 ஜூன் 26ஆம் நாள், பம்பாயின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் 'ஓர் இந்துப் பெண்' என்ற புனைபெயரில் அவருடைய கடிதம் வெளிவந்தது. குழந்தைத் திருமணம் தம் வாழ்வின் மகிழ்ச்சியை அழித்துவிட்டது என்றும், எல்லாவற்றையும்விடத் தாம் உயர்வாக மதிக்கும் படிப்புக்கும் தமக்கும் நடுவே அது வந்து நிற்கிறது என்றும் எழுதினார். ஆண்பிள்ளைக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பு தொடர்கிறது, பெண்ணுக்குக் கல்யாணத்தோடு முடிந்துவிடுகிறது என்ற அந்த ஆதங்கத்தில் ராணியோ, அரசியலோ, மதமோ இல்லை. அப்போது அவருக்கு வயது 20. செப்டம்பரில் விதவைக் கொடுமையைப் பற்றி இரண்டாவது கடிதம் வந்தது. பெயரை மறைத்து எழுதிய அந்தப் பெண் யார் என்று தெரியவந்த பிறகு, கூண்டில் நின்றவரும் கடிதம் எழுதியவரும் ஒருவர்தான் என்றானபோது, எதிர்ப்பின் கடுமை கூடியதில் வியப்பில்லை. பேசாமல் நின்ற பெண்ணை மன்னித்திருப்பார்கள். எழுதிய பெண்ணை மன்னிக்க அவர்களால் முடியவில்லை.

மேல்முறையீடு 1886இல் தலைமை நீதிபதி சார்ஜென்ட், நீதிபதி பெய்லி ஆகியோர் முன் வந்தது. அவர்கள் பின்ஹியின் காரணங்களை ஏற்காமல் வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள். 1887 மார்ச் 4ஆம் நாள் நீதிபதி ஃபாரன், ஒரு மாதத்துக்குள் ருக்மாபாய் கணவரிடம் போக வேண்டும், போகாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று உத்தரவிட்டார். அதற்கு ருக்மாபாய் அளித்த பதில், அந்தத் தீர்ப்புக்குக் கீழ்ப்படிவதைவிடச் சிறைக்குப் போவதே மேல் என்பது. எதிர்த்தரப்பாரையும் வாய்தாவையும் ஆயுள் முழுவதும் பார்த்த எனக்கு இந்தப் பதிலின் எடை தெரியும். நீதிமன்றத்துக்குப் பயப்படாதவர்கள் நிறைய உண்டு. தண்டனையைத் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்டு உத்தரவை மறுப்பவர்கள் மிகக் குறைவு. பிற்காலத்தில் இந்த நாடே சத்தியாக்கிரகம் என்று கொண்டாடப் போகும் ஒரு செயலை, அந்தச் சொல் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு 22 வயதுப் பெண் தன்னந்தனியாகச் செய்தார். ஆனால் அப்போதைய தேசியவாதிகளில் பலருக்கு அது தேசத் துரோகமாகத் தெரிந்தது.

ஆங்கிலேயர் தரப்பின் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். லண்டன் பத்திரிகைகள் ருக்மாபாய்க்காகக் கண்ணீர் விட்டன. அந்தக் கண்ணீரில் பாதி, இவர்கள் சுயாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று காட்டுவதற்காகச் சிந்தியது. பெண்ணைச் சிறைக்கு அனுப்பச் சொன்னது தங்கள் சட்டப் புத்தகம்தான் என்பதை அவர்கள் பேசவில்லை. இந்து ஆணின் கொடுமை என்று ஒரு தரப்பும், வெள்ளையனின் தலையீடு என்று மறு தரப்பும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்க, இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஒரு கலப்புச் சட்டம் இருவருக்கும் நடுவே ஒளிந்துகொண்டது. பெண் கல்விக்காகப் பாடுபட்ட பண்டித ரமாபாய் அப்போதே இதைக் கண்டு எழுதினார். ஆட்சியாளர்கள் இந்திய ஆண்களின் நல்லெண்ணத்துக்காகப் பெண்களைப் பலியிடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

1887 ஏப்ரலில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ருக்மாபாயின் கடிதம் ஒன்று வெளிவந்தது. அது விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டு. இந்துச் சட்ட நூல்களில் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும் என்று கேட்டார்: ஆணுக்கு 20, பெண்ணுக்கு 15 வயது நிரம்பும் முன் நடந்த திருமணங்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் செல்லாதவை என்று இருக்க வேண்டும். ராணி திருமணத்தை ரத்து செய்தார் என்ற கதை இந்தக் கடிதத்திலிருந்து முளைத்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். நடந்தது வேறு. 1888 ஜூலையில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, உத்தரவை நிறைவேற்றக் கேட்பதில்லை என்று தாதாஜி ஒப்புக்கொண்டார். திருமணம் சட்டப்படி அப்படியே இருந்தது. கேட்ட வாக்கியமும் சட்டத்தில் ஏறவில்லை. 1891இல் வந்த சம்மத வயதுச் சட்டம், பெண்ணோடு உடலுறவு கொள்வதற்கான குறைந்தபட்ச வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதோடு சரி. அதற்கும்கூட, வங்காளத்தில் புல்மோனி என்ற ஒரு சிறுமி கணவன் வலிந்து உறவுகொண்டதால் இறந்துபோக வேண்டியிருந்தது. 1929இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் திருமண வயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வைத்தது. ஒரு 22 வயதுப் பெண் 1887இல் கேட்ட வயதை எட்டவே இந்த நாட்டுக்கு அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின.

இந்த இடத்தில் என் அலுவலக நாள் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மழைக்கால மாலையில், சார்பு நீதிமன்றத்திலிருந்து வந்த சம்மனையும் மனு நகலையும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் தன் தாயாரோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வக்கீல் ஐயா வெளியூர் போயிருந்தார். மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் படித்தேன். 'எதிர்மனுதாரர் தக்க காரணம் ஏதுமின்றி மனுதாரரை விட்டு விலகிச் சென்று தனது பெற்றோர் வீட்டில் வசித்து வருகிறார். மனுதாரர் எதிர்மனுதாரருடன் சேர்ந்து வாழ எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருக்கிறார்.' இந்த வாக்கியத்தை நானே நூறு மனுக்களில் அடித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சேர்ந்து வாழணும்னு போட்டிருக்கே ஐயா, எந்த வீட்டுலன்னு போட்டிருக்காங்களா?" நான் மனுவைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். போடவில்லை. மனுதாரரின் முகவரி என்று இருந்தது அவருடைய அண்ணன் வீட்டு முகவரி. அந்த அண்ணன் வீட்டில் நடந்ததற்காகத்தான் இந்தப் பெண் வெளியேறியிருந்தார்.

அன்று எனக்கு ருக்மாபாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, மாவட்ட மைய நூலகத்தில் அந்த வழக்கின் விவரங்களைப் படித்தபோது, தாதாஜி தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தார், அந்த வீட்டைப் பற்றித்தான் ருக்மாபாயின் மறுப்பு பேசியது என்ற இடத்துக்கு வந்ததும், ரேஷன் கார்டு உறையோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் எனக்கு அப்படியே நினைவுக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பெண்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மனு இரண்டு முறையும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

சிறைத் தண்டனை 1923இல் ஒழிந்தது. ஆனால் பரிகாரம் ஒழியவில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவாக அது சுதந்திர இந்தியாவின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. உத்தரவை மதிக்காதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம் என்பது இன்றும் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் நீதிபதி சௌத்ரி, சரிதா – வெங்கட சுப்பையா வழக்கில், இந்தப் பிரிவு பெண்ணின் உடல் மீதும் அந்தரங்கத்தின் மீதும் அரசு கை வைப்பதாகும், அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம், குடும்பத்துக்குள் அரசமைப்புச் சட்டத்தைக் கொண்டுவருவது பீங்கான் கடைக்குள் காளையை விடுவதற்கு ஒப்பாகும் என்று கூறி அதற்கு மாறான முடிவெடுத்தது. 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பம் உடையாமல் காக்க இந்தப் பிரிவு உதவுகிறது என்று அதை நிலைநிறுத்தியது. பீங்கான் கடை என்ற அந்த உவமையைப் படித்தபோது எனக்கு 1885ஆம் ஆண்டுப் புணேதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் சட்டம் வரக் கூடாது என்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வர மறுப்பவளை அழைத்துவர நீதிமன்றத்தின் முத்திரை மட்டும் வேண்டும். இந்தப் பரிகாரத்தை உருவாக்கிய இங்கிலாந்து 1970இல் அதை அடியோடு நீக்கிவிட்டது.

குடும்பம் உடையாமல் காக்கிறது என்ற வாதத்தைப் பற்றி, மனுக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நான் அடித்த மனுக்களில் உண்மையாகவே மனைவியோ கணவரோ திரும்பி வர வேண்டும் என்று ஏங்கிப் போட்டவை சில இருந்தன. அவை பெரும்பாலும் நீதிபதி கூப்பிட்டுப் பேசியதிலேயே முடிந்தன, உத்தரவு தேவைப்படவில்லை. மற்றவை, மனைவி ஜீவனாம்சம் கேட்டதும் 'நான் கூப்பிட்டேன், அவள் வரவில்லை' என்று காட்டுவதற்காகப் பதிலுக்குப் போட்டவை. அல்லது, உத்தரவு வந்து ஓராண்டு சேராமல் இருந்தால் அதையே காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்கலாம் என்பதற்காகப் போட்டவை. சேர்ந்து வாழ வேண்டும் என்று கேட்டுப் பிரிவதற்கு வழி தேடும் மனுக்கள் அவை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவு இருக்கிறது என்பதாலேயே மனைவியின் ஜீவனாம்ச உரிமை போய்விடாது, அவள் வராததற்குத் தக்க காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொன்னது ஓர் ஆறுதல். பெண்களும் இந்தப் பிரிவில் மனுப் போடுகிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் உத்தரவு வாங்கிய பிறகு ஊர்ப் பெரியவர்கள் புடைசூழப் பெட்டியோடு அனுப்பிவைக்கப்படுபவர் பெரும்பாலும் யார் என்று தங்கள் வாசகர்களுக்கே தெரியும்.

ஆகவே ருக்மாபாய் வழக்கை முடிந்துபோன ஒரு காலத்தின் கொடுமை என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு காலத்தின் பயம் எப்படி ஒரு வழக்குக் கட்டுக்குள் புகுந்துகொள்கிறது, பிறகு எப்படிச் சட்டப் புத்தகத்துக்குள் ஏறி அமர்ந்துகொள்கிறது என்பதற்கு அது கண்ணெதிரே இருக்கும் சாட்சி. நாடு பறிபோன பயம், படித்த பெண்ணைக் கண்ட பயம், சாதி வழக்கம் குலையும் என்ற பயம், ஆட்சி ஆட்டம் காணும் என்று வெள்ளையர்களுக்கு இருந்த பயம் எல்லாம் சேர்ந்து, வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒரு தச்சர் வீட்டுப் பெண்ணின் தலையில் இறங்கின. ஞாயிறு இணைப்பில் ஒரு பத்தி கூடுதலாக இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம்.

வழக்கு முடிந்த பிறகு அவர் 1889இல் லண்டனுக்குப் போய்ப் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் படித்தார். படிப்பை முடித்துத் திரும்பி வந்தார். அவர் மறுபடி திருமணம் செய்துகொள்ளவில்லை. தாதாஜி வேறு திருமணம் செய்துகொண்டு 1904இல் இறந்தார். அந்தச் செய்தி கேட்டதும் ருக்மாபாய் வெள்ளைப் புடவை உடுத்தத் தொடங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு நாளும் சேர்ந்து வாழாத, சிறைக்குப் போனாலும் போவேன் என்று மறுத்த ஒருவருக்காக அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சட்டம் கடைசி வரை அவரை அந்த மனிதரின் மனைவியாகவே வைத்திருந்தது என்பது மட்டும் தெரிகிறது. பணி ஓய்வு பெற்ற பிறகும் பர்தா முறையை ஒழிக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். 1955 செப்டம்பர் 25ஆம் நாள், தம் 90ஆவது வயதில் காலமானார். இந்து திருமணச் சட்டம், அதன் 9ஆவது பிரிவோடு, அதே ஆண்டு மே 18ஆம் நாள் அமலுக்கு வந்திருந்தது.

கட்டுரையின் அந்த இரண்டு வரிகளைத் திருத்தி, வழக்குப் போட்டவர் தாதாஜி என்றும், வழக்கு 1888இல் சமரசத்தில் முடிந்தது என்றும் ஒரு சிறு குறிப்பைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
தஞ்சை மாவட்டம்.